சி.க்யூ... யாராவது இருக்கீங்களா?

போன இதழில் ஹாம் ரேடியோ பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். முடிக்கும்போது, "இந்தப் பொழுதுபோக்கு நாடு முழுக்க வளர என்ன செய்யலாம் என்று தோன்றினால் எழுதுங்கள், சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். ஆசிரியர் குழுவினர் ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதங்களை அனுப்பிவைத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

"ஹாம் என்றால் என்ன, சாப்பிடுகிற சமாசாரமா?" என்று கேட்ட கரூர் வாசகருக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசிடம் பரீட்சை எழுதி உரிமமும் கால்சைன் என்கிற அடையாளக் குறியீடும் வாங்கி, வீட்டில் சொந்தமாக வயர்லெஸ் நிலையம் வைத்து, காசு பண ஆதாயம் எதுவும் இல்லாமல் உலகத்தோடு பேசுகிறவர்களுக்குத்தான் ஹாம் என்று பெயர். நான் பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்து ஓய்வு பெற்றவள். இருப்பது விருதுநகர். லைசென்ஸ் வாங்கியது 1989-ல்.

பரீட்சையில் பாஸாகி, கால்சைன் வந்து எட்டு மாதம் ஆகிறது. 5 வாட் ஹேண்டி (கையில் பிடிக்கிற வயர்லெஸ் செட்) ஒன்று வாங்கி, தினமும் மொட்டை மாடியில் நின்று சி.க்யூ. கூப்பிடுகிறேன். ஒருவர்கூடப் பதில் சொன்னதில்லை. நம் நாட்டில் ஹாம்களே இல்லையா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இருக்கிறார்கள் தம்பி. நீங்கள் கூப்பிடுகிற நேரத்தில், நீங்கள் கூப்பிடுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

"யார் வேண்டுமானாலும் பதில் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் குரல் கொடுப்பதுதான் சி.க்யூ. உங்கள் ஹேண்டி 2 மீட்டர் பேண்டில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்கிறது. அந்த அலை கிட்டத்தட்ட கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைதான் போகும். நீங்கள் நிற்பது டவுன் என்றால், பாளையங்கோட்டை தாண்டினாலே பெரிய விஷயம். அந்த வட்டத்துக்குள் இன்னொருவர், அதே நிமிஷம், அதே அலைவரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ் வராத ஸ்டாப்பில் எட்டு மாதம் நின்றிருக்கிறீர்கள். உங்கள் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கும் இதேதான் நடந்தது. லைசென்ஸ் கையில் கிடைத்த பிறகு ஐந்து மாதம் ஒரு தொடர்புகூட இல்லை. பழைய ரிசீவரில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பேன். பேசப் பயம். என் குரல் போய்ச் சேர்ந்தால் எல்லோரும் சிரிப்பார்களோ என்று ஒரு நடுக்கம். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்புகிற மோர்ஸ் அவருக்கு மூச்சு மாதிரி. காபி டம்ளரில் ஸ்பூனால் தட்டியே 'வாம்மா, உட்கார்' என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குக் கூட்டிப் போய், மைக்கை என் கையில் திணித்து, "உன் கால்சைனை மட்டும் சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் கொச்சியிலிருந்து ஒருவர், "குட் மார்னிங் ஒய்.எல்., யூ ஆர் ஃபைவ் நைன்" என்றார். ஃபைவ் நைன் என்றால் சிக்னல் பிரமாதம் என்று அர்த்தம். ஒய்.எல். என்றால் 'யங் லேடி'. எங்கள் உலகத்தில் எழுபது வயசானாலும் பெண்கள் எல்லோரும் யங் லேடிதான், இருபது வயசுப் பையனும் ஓ.எம்., 'ஓல்டு மேன்'தான். இந்த ஒரு அநீதி எனக்குப் பிடிக்கும்.

நாடு முழுக்க இது ஏன் வளரவில்லை என்று கேட்டு இருபது கடிதமாவது வந்திருக்கும். அத்தனைக்கும் என் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்கு ஆள் சேர்க்கிறோம், வகுப்பு நடத்துகிறோம், பாஸானதும் கைதட்டுகிறோம். அதோடு விட்டுவிடுகிறோம். நான் பரீட்சைக்குத் தயார் செய்தவர்களில் பாதிப் பேர் முதல் வருஷத்திலேயே காணாமல் போனார்கள். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு பையனை ரயில்வே ஸ்டேஷனில் பார்த்தபோது, "ரெண்டு மாசம் கூப்பிட்டேன் மேடம், யாரும் எடுக்கல" என்றான், வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் களைத்தவன் மாதிரி. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஆரம்ப நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமத்திலும் 40 மீட்டர் பேண்டில் பேச அனுமதி உண்டு. 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த பேண்டில் பகலில் சில நூறு கிலோமீட்டர் நிச்சயம், ராத்திரியில் ஆயிரக்கணக்கில்கூடப் போகும். அலை மேலே போய் அயனமண்டலம் என்கிற உயர் காற்றடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால் நடுவில் மலை இருந்தாலும் கவலை இல்லை. காலை நேரத்தில் அங்கே பல 'நெட்'டுகள் ஓடும். நெட் என்றால், குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் எல்லோரும் கூடுவது. நெட் கன்ட்ரோல் என்று ஒருவர் வருகைப் பதிவு எடுப்பார். நாங்கள் சிலர் நடத்துவது காலை ஆறரைக்கு. அதில் நான் ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருக்கிறேன். நெட் திறந்ததும் முதல் அழைப்பு புதியவர்களுக்கு. சீனியர்கள், எவ்வளவு பெரிய கொம்பனானாலும், காத்திருக்க வேண்டும். முதல் தடவை வருகிறவருக்கு முந்தின நாள் சாயங்காலமே எங்களில் ஒருவர் போன் செய்து, என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துவிடுவோம்.

சாத்தூர்ப் பையன் ஒருவன் இப்படித்தான் ஒத்திகை எல்லாம் முடித்து வந்தான். மறுநாள் நான் அழைத்ததும், "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ..." (வி.யூ.3 என்பதை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) என்று ஆரம்பித்துச் சொந்தக் கால்சைனையே மறந்துவிட்டான். பத்து நொடி நிசப்தம். பின்னால் அவன் அம்மா, "சொல்லுடா, ரேஷன் கார்டுல எழுதின மாதிரி எழுதி வெச்சுக்கச் சொன்னேன்ல" என்பது கேரளா வரைக்கும் கேட்டது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் நெட் கன்ட்ரோலே அவன்தான். அவன் ரிக்கின், அதாவது ரேடியோ செட்டின், முகப்பில் கால்சைன் எழுதிய சீட்டு இன்னமும் ஒட்டியிருக்கிறது.

ஹேண்டியைத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் பக்கத்தில் ரிப்பீட்டர் ஏதாவது இயங்குகிறதா என்று விசாரியுங்கள். உயரமான இடத்தில் நின்று உங்கள் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம் அது. அது இருந்தால் உங்கள் 5 வாட் மாவட்டத்தையே சுற்றி வரும்.

எங்கள் ஊரில் ஆறு பேர் இருக்கிறோம். சங்கம் பதிவு செய்து, தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டு, பிறகு மாநில அமைப்பு, அகில இந்திய அமைப்பு என்று கொண்டுபோக ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?
— வங்கி ஊழியர், ஓசூர்

ஆறு பேரில் மூன்று பேருக்குப் பதவி கொடுத்துவிட்டால் மீதி மூன்று பேர் எதிர்க்கட்சி. யோசித்துக்கொள்ளுங்கள் சார்.

ஊர் பெயர் வேண்டாம், ஒரு சங்கத்தின் கதை சொல்கிறேன். லெட்டர்ஹெட் அடித்தார்கள். ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நன்கொடை வசூலித்து, நல்ல உயரமான கட்டடத்தில் ரிப்பீட்டரும் வைத்தார்கள். அருமையாக வேலை செய்தது, நானே அதன் வழியாகப் பேசியிருக்கிறேன். இரண்டாம் வருஷத் தேர்தலில் சண்டை. ரிப்பீட்டர் இருந்த அறைச் சாவி ஒரு கோஷ்டியிடம், மின்சாரக் கட்டண ரசீது இன்னொரு கோஷ்டியிடம். ஒரு நாள் பவர் சப்ளையில் ஃப்யூஸ் போனது. பத்து ரூபாய் ஃப்யூஸ். ஏழு மாதம் அந்த ரிப்பீட்டர் ஊமையாகக் கிடந்தது, யார் போய்க் கதவைத் திறப்பது என்று முடிவாகாமல்.

சங்கமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரிப்பீட்டர் வைக்க, பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி நடத்த, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க ஒரு பதிவு எண் தேவைப்படும். ஆனால் அது இரண்டாம் வருஷ வேலை. முதல் வருஷம் ஒரு நேரம், ஒரு அலைவரிசை, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். செவ்வாய், வெள்ளி இரவு எட்டரை என்று முடிவு செய்தால், மழையோ மேட்ச்சோ, ஆறில் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். பேச ஆள் வராவிட்டாலும் அரை மணி நேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். டீக்கடைக்காரர் வாடிக்கை பார்த்தா அடுப்பு மூட்டுகிறார்?

அகில இந்தியாவுக்கு நீங்கள் புதிதாக அமைப்பு கட்ட வேண்டியதில்லை. சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியனில் இந்தியாவின் சார்பாக ஏ.ஆர்.எஸ்.ஐ. (அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா) ஏற்கெனவே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு நகரத்தில் ஹாம்கள் கூடும் ஹாம்ஃபெஸ்ட் இந்தியா நடக்கிறது. அதற்கு ஆறு பேரும் போங்கள். அங்கே மேடையில் நடப்பதைவிட வெளியே நடப்பதுதான் முக்கியம். பல வருஷம் குரலாக மட்டும் தெரிந்தவர் உங்கள் பேட்ஜில் கால்சைனைப் படித்துவிட்டு, "அட, நீங்களா!" என்று கட்டிக்கொள்வார். நான் ஒரு முறை குஜராத்திக்காரர் ஒருவருடன் பழைய மீட்டர்கள் விற்ற கடையின் முன்னால் மதியச் சாப்பாட்டையே மறந்து நின்றுவிட்டேன். ஊர் திரும்பியதும் எங்கள் காலை நெட்டை அவர் பக்கத்து நெட்டோடு மாதம் ஒரு முறை இணைத்தோம். எனக்குத் தெரிந்த வரையில் தேசிய அளவு என்பது இந்த மாதிரிச் சின்னச் சின்ன முடிச்சுகள்தான்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு?
— ஏழு பேர், வெவ்வேறு ஊர்கள்

பைக் இருக்கும்போது ஏன் கொடைக்கானல் வரை நடக்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கில் ஹாம்கள் இருக்கிறார்களாமே. 140 கோடி பேர் உள்ள நாட்டில் நாம் ஏன் இப்படி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

அமெரிக்காவில் 7 லட்சத்துக்கு மேல். ஜப்பானில் 1990-களின் நடுவில் 10 லட்சத்தையும் தாண்டியிருந்தது. யேசு, ஐகாம், கென்வுட் என்று நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற கம்பெனிகள் எல்லாமே ஜப்பானில் பிறந்தவை. அவர்களுக்குப் பக்கத்துக் கடையில் ரிக் கிடைத்தது. மோர்ஸ் இல்லாத சுலபமான உரிமம் ஒன்றும் வெகு காலம் முன்பே வந்துவிட்டது.

நாம் தாமதமாகத் தொடங்கினோம் என்று சொல்ல முடியாது ஐயா. 1921-லேயே அமரேந்திர சந்திர குப்தா என்பவர் 2ஜே.கே. என்ற கால்சைனில் இயங்கியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் உரிமங்கள் ரத்து. சுதந்திரத்துக்குப் பிறகும் பல காலம் ரிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. ராணுவம் கழித்துப்போட்ட செட்டுகளை எடைக்கு வாங்கி வந்து உயிர் கொடுத்தவர்கள்தான் முந்தின தலைமுறை. 1984-ல் இறக்குமதி வரியை விலக்கிய பிறகுதான் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம், வி.யூ.2 ஆர்.ஜி. பிரதமர் வீட்டுக் கூரையிலேயே ஆன்டெனா இருக்கிறது என்று சொல்லித்தான் நான் என் அப்பாவிடம் அனுமதி வாங்கினேன்.

ஆனால் அந்த லட்சங்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஜப்பானின் எண்ணிக்கை இன்று அந்த உச்சத்தில் பாதிகூட இல்லை. உரிமம் எடுத்தவர்களை அலைவரிசையில் பிடித்து வைக்கவில்லை. செல்போன் வந்ததும் கிளம்பிவிட்டார்கள். இருநூறு பேர் தினமும் பேசுகிற நாடா, இரண்டு லட்சம் பேர் உரிமத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிய நாடா என்று கேட்டால் நான் முதலாவதில்தான் குடியிருப்பேன்.

என் மகளுக்கு 13 வயது. சயின்ஸ் டீச்சர் சொன்னதிலிருந்து ஹாம் ரேடியோ என்று ஒரே பிடிவாதம். இந்த வயதில் உரிமம் தருவார்களா? முகம் தெரியாத ஆண்களோடு பேசுவது பாதுகாப்பா?
— இல்லத்தரசி, கோயம்புத்தூர்

தருவார்கள் அம்மா. 12 வயது நிரம்பியிருந்தால் பரீட்சை எழுதலாம். ரேடியோ தொழில்நுட்பம் ஒரு பகுதி, சட்டதிட்டங்கள் ஒரு பகுதி. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது. அதற்கு மேல்நிலையான ஜெனரல் கிரேடுக்கு நிமிஷத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்கு அது பாட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும், நாற்பதுக்கு மேல்தான் தகராறு. விண்ணப்பித்ததிலிருந்து உரிமம் கைக்கு வருவதற்குள் மாதக்கணக்கில் ஆகலாம், அதற்குள் அவள் ஆர்வம் வடியாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. ஹாம் பேச்சில் ரகசியம் கிடையாது. சங்கேத மொழியில் மறைத்துப் பேசுவது சட்டப்படியே குற்றம். ஒவ்வொருவரும் தன் கால்சைனைச் சொல்லித்தான் பேச வேண்டும், அந்தக் கால்சைனுக்குப் பின்னால் அரசுப் பதிவேட்டில் பெயரும் முகவரியும் உண்டு. நூறு பேர் காதுக்கு முன்னால் நடக்கிற பேச்சு அது. பிள்ளைகள் கையில் இருக்கிற போனைவிட எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். அதற்காக எல்லோரும் யோக்கியர்கள் என்று சான்றிதழ் தரமாட்டேன். புதிதாக ஒரு பெண் குரல் கேட்டாலே முப்பது பேர் முட்டி மோதிக்கொண்டு வருவார்கள், எரிச்சலாக இருக்கும். எங்கள் நெட்டில் புதிதாக வருகிற பெண்களை நானோ இன்னொரு பெண்ணோதான் முதலில் அழைப்போம். முதல் ஆறு மாதம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். உட்கார்ந்தால் நீங்களும் பரீட்சை எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். இப்படி வந்த அம்மாக்கள் இரண்டு பேர் எங்களிடம் இருக்கிறார்கள்.

பள்ளியில் சாரணர் இயக்கம் இருந்தால் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் சாரணர்கள் ஹாம் நிலையங்கள் வழியாக உலகம் முழுக்கப் பேசிக்கொள்ளும் 'ஜாம்பூரி ஆன் தி ஏர்' நடக்கும். ஹாம் ஒருவர் உடனிருந்தால் உரிமம் இல்லாத பிள்ளைகளும் வணக்கம் சொல்ல முடியும்.

எனக்கு ஆங்கிலம் தடுமாற்றம், இந்தி தெரியவே தெரியாது. தேசிய அளவில் நான் என்ன பேச?
— லேத் பட்டறைத் தொழிலாளி, சிவகாசி

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு சல்யூட். தமிழில் பேசத் தடை எதுவும் இல்லை. காலையில் 40 மீட்டரைத் திருப்பினால் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாம் காதில் விழும். சில விடியற்காலைகளில் யாழ்ப்பாணத்துத் தமிழும் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி வரும். இலங்கைக் கால்சைன் 4எஸ். என்று தொடங்கும்.

பிற மொழிக்காரர்களோடு பேச ஐம்பது வார்த்தை போதும். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துகளுக்கான சொற்கள் 26. எண்கள் பத்து. உங்கள் பெயர், ஊர், சிக்னல் எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு எண், வானிலை, கடைசியில் '73'. 73 என்றால் வாழ்த்துகள். பஞ்சாபில் இருக்கிற ஒரு டிராக்டர் மெக்கானிக்கோடு நான் ஆறு வருஷமாகப் பேசுகிறேன். அவர் ஆங்கிலமும் என் இந்தியும் சேர்ந்தால் ஒரு முழு மொழிகூட ஆகாது. ஆனால் அவர் வீட்டுக் கோதுமை அறுவடை எப்போது என்று எனக்குத் தெரியும், என் முழங்கால் வலி அவருக்குத் தெரியும்.

எங்கள் அமைப்புகளில் குறை இருப்பது இந்த இடத்தில்தான். பரீட்சைக்கான புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். மின்தடையம், மின்தேக்கி என்று தமிழில் எழுதினாலும் பட்டறைக்காரருக்குப் புரியாது. அவருக்கு அது ரெசிஸ்டர், கண்டென்சர். அந்தத் தமிழில் பாடம் எழுத வேண்டும். நான் எழுதிவைத்த நோட்டு ஒன்று இருக்கிறது, வேண்டுமென்றால் நகல் எடுத்து அனுப்புகிறேன். லேத் தெரிந்த ஆள் எங்களுக்கு வரப்பிரசாதம், ஆன்டெனா வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறோம்.

ஒரு ரிக் லட்சம் ரூபாய் என்கிறார்கள். இது பணக்காரர்கள் பொழுதுபோக்குதானே?
— எலக்ட்ரீஷியன், ஒட்டன்சத்திரம்

லட்சத்துக்கும் இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது. அதை வாங்கியவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள் என்று இல்லை. ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான், வி.யூ.2 இ.எஸ்.இ., இதே கேள்வியைத்தான் தனக்குள் கேட்டுக்கொண்டார். நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் சாமான்களை வைத்தே கட்டக்கூடிய 'பிட்எக்ஸ்' என்ற டிரான்ஸீவரை (அனுப்பவும் வாங்கவும் செய்கிற செட்டை) வடிவமைத்து, அதன் படத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்தார். காயில் சுற்றத் தேவையான டொராய்டு என்கிற வளையம் கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றிக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு யோசித்திருந்தார். இன்று வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தேடி வாங்கிக் கட்டுகிறார்கள். பிறகு தயாராக விற்ற போர்டுகளுக்கு உள்ளூர்ப் பெண்கள் கையால் காயில் சுற்றித் தந்தார்கள். ஒரு பொழுதுபோக்கு நாடு முழுக்கப் பரவ வேண்டுமானால் இப்படி ஒரு வேலை ஆயிரம் மாநாட்டுக்குச் சமம்.

ஆன்டெனாவுக்குக் காசே வேண்டாம். நீங்கள் எலக்ட்ரீஷியன், கையில் ஒயர் இருக்கும். 40 மீட்டர் டைபோலுக்கு, அதாவது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒயர் நீட்டிய ஆன்டெனாவுக்கு, மொத்தம் 66 அடி. ஒரு பக்கம் 33, மறுபக்கம் 33. வெட்டும்போது 34-ஆக வெட்டுங்கள், குறைப்பது சுலபம், ஒட்டுவதுதான் கஷ்டம். நடுவில் ஒரு பி.வி.சி. பைப் துண்டு, அதில் இரண்டு துளை போட்டு இரண்டு ஒயரையும் கட்டி, கீழே வருகிற கோஆக்ஸ் கேபிளின் உள்கம்பியை ஒன்றிலும் மேல் வலையை மற்றதிலும் பற்றவைத்து, தண்ணீர் போகாமல் டேப் சுற்றுங்கள். நடுப்பகுதியை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு மூங்கிலில் உயர்த்தி, இரண்டு முனையையும் நைலான் கயிற்றில் கூடாரம் மாதிரி சரித்து இழுத்துக் கட்டினால் ஆயிற்று. ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்புகிற சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இரவல் வாங்கி, முள் இறங்குகிறவரை இரண்டு பக்கமும் ஒரே அளவாக அரை அடி அரை அடியாகக் குறையுங்கள். கோஆக்ஸும் கனெக்டரும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒயர் கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பது முக்கியம், பேசும்போது முனைகளில் தொட்டால் சுட்டுவிடும். மின்வாரியக் கம்பி பக்கமே போகக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி இடிக்கு முன்னால் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

என் டைபோலின் ஒரு முனை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் இருக்கிறது. அந்த வீட்டம்மா வந்த புதிதில், "அக்கா, இந்தக் கொடியில துணி காயப்போடலாமா?" என்று கேட்டார்.

ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்கி, உரிமம் இல்லாமல் திருவிழாவுக்குப் பயன்படுத்துகிறோம். தப்பா?
— பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

தப்பு. உரிமம் இல்லாமல் ஹாம் அலைவரிசையில் வாய் திறக்கவே கூடாது. உரிமம் இருந்தாலும் திருவிழா வேலைக்கென்றால் யோசிக்க வேண்டும். 865-867 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியில் இயங்கும், உரிமம் தேவைப்படாத அனுமதிபெற்ற செட்டுகள் இருக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

பேரிடர்களில் ஹாம்கள் செய்த சேவையைச் சொல்லி அரசிடம் உதவி கேட்டால் தேசிய அளவில் வளராதா?
— சமூக ஆர்வலர், கடலூர்

கடலூரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம்தான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று போர்ட் பிளேரில் நிலையம் போட்டிருந்தது. போனது சேவைக்காக இல்லை. அந்தமானிலிருந்து 1987-க்குப் பிறகு யாரும் ஹாமில் பேசியதில்லை, அந்த அரிதான இடத்தைத் தொட உலகமே வரிசையில் நின்றது. அது சுத்தமான விளையாட்டு. 26-ம் தேதி காலை நிலம் ஆடியது, சுனாமி வந்தது. மற்ற தொடர்புகள் அறுந்தபோது இவர்களிடம் ரிக் இருந்தது, ஆன்டெனா இருந்தது, மூன்று வாரம் ராப்பகலாகப் பேசிப் பழகிய தொண்டையும் இருந்தது. தகவல் போகத் தொடங்கியது. வங்காளத்து ஹாம்களும் இப்படித்தான், கங்காசாகர் மேளாவில் காணாமல்போகிற முதியவர்களின் ஊரையும் உறவையும் தங்கள் வலைப்பின்னல் மூலம் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துவைக்கிறார்கள்.

அதனால் சேவையைக் காட்டி உதவி கேட்பது தப்பில்லை. சேவையை மட்டும் காட்டி ஆள் சேர்த்தால், புயல் வராத வருஷத்தில் அவர்கள் என்ன செய்வார்கள்? சீருடை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பார்த்திருக்கிறேன். தினமும் கத்தரிக்காய் விலை பேசுகிறவனுக்குத்தான் புயல் அன்றைக்கு எந்த பேண்டு திறந்திருக்கும் என்று தெரியும்.

கம்ப்யூட்டர் தானாகவே பேசுகிற எஃப்.டி.8 வந்து ஹாம் ரேடியோவைக் கெடுத்துவிட்டதே! நம் காலத்தில் இப்படியா?
— சக ஹாம், வேலூர்

ஓ.எம்., நீங்களும் நானும் மைக்கைத் தொட்டபோது, "மோர்ஸ் தெரியாத பயல்கள் வந்து கெடுத்துவிட்டார்கள்" என்று பெரியவர்கள் திட்டியது மறந்துவிட்டதா? எஃப்.டி.8 வந்தது 2017-ல். எழுதியவர்களில் ஒருவர் ஜோ டெய்லர், இயற்பியலில் நோபல் வாங்கியவர், அவரும் ஹாம். பதினைந்து நொடிக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் கீச்சிடும், இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலைக்கூடத் தோண்டி எடுத்துவிடும். எனக்கும் அது ரசிக்கவில்லை. ஆனால் அடுக்குமாடியில் இரண்டு மீட்டர் ஒயருக்குமேல் கட்ட விடாத இடத்தில் இருக்கும் ஐ.டி. பிள்ளைக்கு வேறு வழி? அவர்களை நெட்டில் திட்டுவதை நிறுத்துங்கள். போன மாதம் நீங்கள் திட்டியதைக் கேட்டுவிட்டு ஒருவர் செக்-இன் பண்ணாமலே போய்விட்டார். எனக்கு போன் வந்தது.

க்யூ.எஸ்.எல். கார்டு இன்னும் அனுப்புகிறீர்களா? எனக்கு ஒன்று கிடைக்குமா?
— எட்டாம் வகுப்பு மாணவி, தேனி

பேசியதற்கு அத்தாட்சியாகத் தபாலில் அனுப்பிக்கொள்கிற அட்டைதான் கண்ணு அது. கால்சைன், தேதி, நேரம், அலைவரிசை, சிக்னல் எல்லாம் எழுதியிருக்கும். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே முடித்துக்கொள்கிறார்கள். நான் அட்டைதான் அனுப்புகிறேன். என்னிடம் பதினான்கு செருப்பு டப்பா நிறைய அட்டைகள் இருக்கின்றன. அதில் ஒன்று நம் ஹாம்சாட் வழியாகப் பேசியதற்காக வந்தது. 2005 மே 5-ல் பி.எஸ்.எல்.வி. சி6-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, ஹாம்களுக்கென்றே செய்த குட்டிச் செயற்கைக்கோள் அது. 2014 வரை உழைத்தது. ஒரு ஹாலந்து மாணவர் செய்த கருவியும் அதில் இருந்தது. மொட்டை மாடியில் கையில் ஆன்டெனாவைப் பிடித்து, வானத்தில் அது போகிற திசையில் திருப்பிக்கொண்டே பேசினேன். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் மறைந்துவிடும். கீழே இறங்கி வந்தபோது அடுப்பில் பால் தீய்ந்திருந்தது.

பேசினால்தான் கார்டு என்பது விதி. நீ உரிமம் வாங்கி வருகிறவரை உன் பேரில் ஒன்றை எழுதி, தேதியை மட்டும் விட்டு, எடுத்துவைக்கிறேன். முகவரியில் பின்கோடு போட மறந்துவிட்டாய். மறுபடி எழுதும்போது போடு, பின்கோடு தப்பாகி இந்த வருஷம் மட்டும் இரண்டு கார்டு எனக்கே திரும்பி வந்துவிட்டன.